மேற்படி பெண்

பஸ் ஓட்டுகிறவனுக்கு முதலில் கெட்டுப்போவது கண் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கண் இல்லை, இடது முழங்கால். செங்கல்பட்டில் புறப்பட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறேன் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். இருநூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அந்த மாதிரி முப்பத்தொரு வருடம்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் அம்மா நினைக்கலாம். நீங்கள்தான் அவசரமில்லாமல் உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று சொல்லிப் பேனாவும் தாளும் கொடுத்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனீர்கள். நன்றி. எழுதுவது எனக்குப் புதிதில்லை. டிப்போவில் விபத்து அறிக்கை எழுத வேண்டுமென்றால் மற்ற டிரைவர்களும் என்னிடம்தான் வருவார்கள். நடந்ததை நடந்த வரிசையில், யார் மேலும் வருத்தமில்லாமல் எழுதுவேன் என்று பெயர். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

என் பெயர் ஏசுபாதம், வயது ஐம்பத்தெட்டு, வீடு திருப்போரூர். மனைவி செல்லம்மா. ஒரே பெண் ஜெபா, வயது இருபத்தெட்டு, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. குடி, சீட்டாட்டம் எதுவும் எனக்கு இல்லை.

முழங்காலால் இரண்டு வருடத்துக்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கினேன். ஓய்வு கொடுத்தார்களே தவிர, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் எழுந்ததும் இடது கை தானாகக் கியரைத் தேடும். செல்லம்மா குழம்புச் சட்டியோடு குறுக்கே வந்தால் வலது கால் தரையை அழுத்தும். மற்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபாதான் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாப்பா செவுத்தயே பாத்துகினு கீற? வா, உனக்கு ஒரு வண்டி தரேன்."

கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க அவள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். பிறகு கம்பெனியே லேப்டாப் கொடுத்துவிட்டதால் அது துணி போர்த்திக் கிடந்தது. அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். யாரோ நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த விளையாட்டுக்குள் நம்முடைய ரோட்டையே வரைந்திருந்தார்கள். புளியமரம், சுங்கச்சாவடி, கல்சிற்பக் கடைகள், கையை நீட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஏறாமல் நிற்கிற ஆள், எல்லாம் இருந்தது. பெடல் கிடையாது, விரலால் தட்டினால் போதும். ஜெபா என் பின்னால் நின்றுகொண்டு "ரைட், ரைட்" என்றாள். திருக்கழுக்குன்றம் வரை ஓட்டினேன். முழங்கால் வலிக்கவில்லை. அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். என் மகள் அதைப் பார்த்து எனக்கு மேல் சந்தோஷப்பட்டாள்.

ஒரே குறை, கூட்டமான இடத்தில் படம் நின்று நின்று போனது. மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தால் வண்டி தவளை மாதிரி தத்தியது. நான் ஓட்டிய வண்டியில் பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு, ஒரு சொட்டு சிந்தியது கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு இது தாங்கவில்லை.

கோயில் தெருவில் கலைவாணன் என்று ஒருவர் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும். அவன் என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். அவன் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நைனா, இதுல கிராபிக்ஸ் கார்டே இல்ல. பாடி கட்டி பெயின்ட் அட்ச்சி வெச்சிகிறாங்க, இன்ஜினு கெடையாது."

படத்தை வரைகிற வேலை அந்தக் கார்டுடையது என்றும், கையில் இருக்கும் பணத்துக்குப் பழையது ஒன்று பார்க்கலாம் என்றும் சொன்னான். கையில் இருந்த பணம் ஒன்றே ஒன்றுதான். ஓய்வுபெற்றபோது வந்ததும் ஜெபா மாதாமாதம் கொடுத்ததும் சேர்த்து, அவள் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டிருந்தது. அதில் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாம். கல்யாணத்துக்குத் தேதிதான் இல்லையே.

பத்து நாளில் கலைவாணன் சென்னைக்குப் போய் ஒரு கார்டைப் பார்த்து வைத்தான். அதே பத்து நாளில் செங்கல்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான பையன். அவர்களுக்கு ஜெபாவைப் பிடித்துவிட்டது. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்றார்கள்.

குறுகலான பாலத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் யார் முதலில் லைட் போட்டார்களோ அவர்கள் போக வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். நாங்கள் எல்லா டிரைவர்களும் மதிக்கிற வழக்கம் அது. கார்டுக்கு நான் முதலில் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரம் செங்கல்பட்டு வீட்டுக்கு ஒரு கடிதம் போனது. மேற்படி பெண் முன்கோபக்காரி என்பதும், சமையல் அறவே தெரியாதவள் என்பதும், பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடியவள் என்பதும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. கோபம் அவளுக்கு என் வழியாக வந்தது. சமையலைச் செல்லம்மா சொல்லித் தரவில்லை. கீழே பெயர் போடவில்லை. பெண்ணின் தகப்பனே எழுதியிருக்கிறான் என்று தெரிந்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இடது கையால் எழுதினேன். முப்பத்தொரு வருடம் கியர் போட்ட கை, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே எழுதியது. பஸ் பாஸ் இருந்ததால் திருக்கழுக்குன்றம் வரை போய் அங்கே தபாலில் போட்டேன். தபால்தலை தவிரச் செலவு எதுவும் இல்லை.

அவர்கள் கௌரவமானவர்கள். கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரியவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

"உடும்மா. அந்தாளு மூக்கு எனக்கு மொதல்லேர்ந்தே புடிக்கல" என்று ஜெபா அவள் அம்மாவிடம் சொன்னாள். பிறகு சமையலறையில் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். செல்லம்மா காலையிலேயே கழுவி வைத்த பாத்திரங்கள்.

சனிக்கிழமை கார்டு வந்தது. கலைவாணன் அதைப் பொருத்திவிட்டு மழையைப் போட்டுக் காட்டினான். கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்து வழிந்தது. வைப்பர் போன பிறகு ரோடு பளபளவென்று இருந்தது. ஜெபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஹாரன் அடிக்கச் சொன்னேன். அடித்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள். மனம் லேசாகிவிட்டது என்று சொன்னாள். அன்றைக்கே நான் செய்தது தப்பில்லை என்று தெரிந்தது.

நான் அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கம்ப்யூட்டர் என்பது ஒரு பொருளை மாற்றினால் முடிகிற விஷயம் இல்லை. கார்டு வந்த பிறகும் பஸ் நிலையத்தில் வண்டி தத்தத்தான் செய்தது. கலைவாணன் திரையில் ஏதோ எண்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"கார்டு ஆறு வழி ரோடு நைனா. உன் பிராசசரு சந்து. எல்லாம் அங்க வந்து மாட்டிகினு நிக்குது."

"அப்ப பிராசசர மாத்திடு."

"அத மாத்துனா போர்ட மாத்தணும். போர்ட மாத்துனா மெமரிய மாத்தணும். மெமரி வெல இப்ப கண்டபடி ஏறிகினு கீது. சொன்னா கேளு. செட்டிங்க கொஞ்சம் கொறச்சி வெச்சிக்கோ, நல்லாத்தான் ஓடும். மொதல்ல ஜெபா கல்யாணத்த முடி. ரொம்ப அவசரம்னா எங் கடையில கீற பழைய போர்ட தரேன், டப்பு ஒண்ணும் வாணாம்."

நல்ல மனதோடு சொன்னான். ஆனால் நான் யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கிப் பழகாதவன். மெமரி விலை ஏறியதுபோலத்தான் தங்கமும் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டையும் வாங்க வசதி இல்லாதவன் ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும். தங்கம் எப்போதும் கிடைக்கும்.

அந்தச் சமயத்தில் கடப்பாக்கத்திலிருந்து இரண்டாவது வரன் வந்தது. பையனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவன் அம்மா பை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்து, எங்கள் சமையலறைக்குள் உரிமையோடு போய் அவரே குழம்பு வைத்தார். ஜெபாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று செல்லம்மா சொன்னதற்கு, "அதுக்கு இன்னா, எம் புள்ளைக்கு நல்லாத் தெரியும்" என்றார். இதனால் பழைய கடிதத்தில் இருந்த விவரங்கள் அவர்களிடம் எடுபடாது என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது கடிதத்தைச் செய்யூரில் போட்டேன். மேற்படி பெண்ணுக்கு ஒன்பதாவது வயதில் வலிப்பு வந்தது என்றும், அந்த விவரம் பெண் வீட்டாரால் மறைக்கப்படுகிறது என்றும் எழுதினேன். இதுவும் உண்மையே. கடுமையான காய்ச்சலில் ஒரு முறை வந்தது. அதன் பிறகு வரவில்லை. எத்தனை முறை வந்தது என்று நான் எழுதவில்லை, அவர்களும் யாரையும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. வரன் வேண்டாம் என்று சொன்னதோடு, பாவம், அந்தப் பெண்ணுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எங்கள் சபையில் தெரிந்த ஒருவரிடம் சொன்னார். அவர் மற்றவர்களிடம் ஜெபிக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மொத்த சபையும் ஜெபித்துக்கொண்டிருந்தது. ஆராதனையில் ஜெபாவுக்குப் பின் வரிசையில் ஒரு பெண்மணி, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம் என்று சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெபா திரும்பிப் பார்த்தாள். பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

யார் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று செல்லம்மா ஒவ்வொரு பெயராக யோசித்தாள். என் தங்கையைச் சந்தேகப்பட்டு அவளோடு பேச்சை முறித்துக்கொண்டாள். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். மகளின் கல்யாணத் தடை நீங்க வேண்டும் என்று பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் நிற்பாள். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். என் முழங்கால் எப்படிப்பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். காலையில் நான் மட்டும் இட்லி சாப்பிட்டதுகூட வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆறு மாதம் எந்த வரனும் வரவில்லை. பிராசசர், போர்டு, மெமரி எல்லாம் மாற்றி முடித்தாகிவிட்டது. வண்டி எங்கேயும் தத்தவில்லை. காலை ஒன்பது மணிக்குச் செங்கல்பட்டில் எடுத்தால் பத்தரைக்கு மாமல்லபுரம். சாப்பிட்டுவிட்டுத் திரும்ப எடுப்பேன். என் வாழ்க்கையில் நல்ல காலம் என்று கேட்டால் அந்த ஆறு மாதத்தைத்தான் சொல்வேன். வீட்டில் மற்ற இருவரும் அதிகம் பேசவில்லை, அதனால் சத்தமும் இல்லை.

மூன்றாவது வரன் வரனாக வரவில்லை. ஜெபாவின் ஆபீசில் ஒரு நாள் லிப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும் இருந்திருக்கிறாள். லிப்ட் கம்பெனியிலிருந்து வந்து கதவைத் திறந்துவிட்டவன் பெயர் ஜோயல். பொத்தேரியில் வீடு, இரண்டு அண்ணன்கள். அவன் அவளைப் பெண் கேட்டு வந்தான். ஜெபா அவனை உட்காரவைத்து எங்கள் எதிரிலேயே சொன்னாள்.

"எனக்குக் கோவம் வரும். சமைக்கத் தெரியாது. சின்ன வயசுல ஒருவாட்டி ஃபிட்ஸ் வந்துகீது. அப்பறம் வந்து தெரியாதுன்னு சொல்லாத."

"எனக்குந்தான் சின்ன வயசுல வந்துச்சாம், எங்கம்மா சொல்லும்" என்றான் அவன். "சமையலு யூடியூப்ல பாத்துக்கலாம். கோவம் மட்டும் வாரத்துக்கு ஒருக்கா வெச்சிக்கோ."

அவள் சிரித்தாள். அதற்கு முன் எப்போது சிரித்தாள் என்று எனக்கு நினைவில்லை. செல்லம்மா உள்ளே போய் அழுதாள். நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். மாமல்லபுரத்தில் மண்டபம் பார்த்தார்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விரல் நுனியால் பஸ் ஓட்டுவது முறையான ஓட்டுதல் இல்லை என்று எனக்குக் கொஞ்ச நாளாகவே உறுத்தல். இந்த விளையாட்டுக்கென்றே ஸ்டீரிங், கியர், மூன்று பெடலோடு ஒரு செட் கிடைக்கிறது. முன்பதிவு செய்திருந்தேன். வந்ததும் பணம் கொடுத்தால் போதும்.

அந்தச் சனிக்கிழமை கலைவாணன் எங்கள் வீட்டில் இருந்தான். கடற்காற்றில் கம்ப்யூட்டருக்குள் உப்புத் தூசி படியும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து ஊத வேண்டும். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்றாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். முந்தைய விவரங்கள் ஜோயலிடம் செல்லாது. ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விவரம்தான் தேவைப்பட்டது. அப்படி எழுதும்போது பெயர் இல்லாமல் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அது அறிக்கை எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், எதிரில் அவன் பிரஷ்ஷால் கம்ப்யூட்டர் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நைனா, நிச்சயத்துக்கு என்னயும் கூப்புடுவ இல்ல?" என்றான்.

"உன்ன உட்டா எனக்கு யாருடா?" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

மேற்படி பெண்ணுக்கும் திருப்போரூர் கோயில் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கலைவாணன் என்பவருக்கும் நீண்ட நாள் தொடர்பு இருப்பதாகவும், அவர் மேற்படி பெண்ணின் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோவதை அக்கம்பக்கத்தார் அறிவார்கள் என்றும் எழுதினேன். அவன் அடிக்கடி வந்தது உண்மை. அவன் போகும்போது டீ கொடுத்து அனுப்பினேன். பிறகு பொத்தேரிக்குப் போய், ரயில்வே நிலையத்துக்கு வெளியே இருக்கும் தபால்பெட்டியில் போட்டேன்.

கடிதம் ஜோயல் கைக்குப் போகவில்லை. அவன் அண்ணன்கள் பிரித்திருக்கிறார்கள். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர்கள் நான்கு பேரோடு கலைவாணனின் கடைக்குப் போனார்கள். அங்கே நடந்தது உங்களிடம் முதல் தகவல் அறிக்கையாகவே இருக்கிறது. அடித்தது தவிர, அவன் வலது கையைப் பிடித்து வைத்துக் கடை ஷட்டரை இழுத்து விட்டிருக்கிறார்கள். மூன்று விரல். அந்த நேரத்தில் கலைவாணனிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஓட்டும்போது போன் எடுத்ததாக என் மேல் ஒரு புகார் கிடையாது. அதனால் எடுக்கவில்லை.

ஜோயல் அன்று மாலையே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைவாணனைப் பார்த்திருக்கிறான். தன் அண்ணன்கள்மேல் அவனே சாட்சி சொன்னான். கடிதத்தை நகல் எடுத்துக்கொண்டு வந்து ஜெபாவிடம் கொடுத்தான்.

மறுநாள் மதியம் ஜெபா என் அறைக்கு வந்தாள். நான் திருக்கழுக்குன்றத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நின்று கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தாள். குரலில் ஏற்றஇறக்கம் இல்லை.

"அப்பா, ஒரு பக்கத்துல நாலு எடத்துல மேற்படின்னு வருது."

நான் விரலால் தட்டி வேகத்தைக் குறைத்தேன்.

"நான் அஞ்சாவது படிக்கசொல்ல எனக்கு லீவ் லெட்டர் எழுதிக் குடுத்த. மேற்படி மாணவிக்குக் காய்ச்சல்னு. கிளாஸ்ல எல்லாம் என்ன மேற்படி மேற்படின்னு ரெண்டு வருசம் கூப்டாங்க. உன்ன தவிர யாரும் இப்டி எழுத மாட்டாங்கப்பா."

"ஸ்டாப்பிங் வருது. ஆளுங்கள எறக்கி உட்டுட்டு வரேன்" என்றேன்.

உண்மையிலேயே இறக்கிவிட்டுப் பேசத்தான் நினைத்தேன். அவள் சிறிது நேரம் திரையைப் பார்த்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"எத்தினி பேருக்குப்பா எழுதின? அந்த வாத்தியாருக்குமா? அந்த மீன் கொழம்பு அம்மாவுக்குமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கோபக்காரி என்று நான் எழுதியதுகூட அவ்வளவு சரியில்லையோ என்று அப்போது தோன்றியது.

"நீ ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

செல்லம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் எதுக்குப் பட்டினி கெடக்கறேன்னு தெரிஞ்சே, என் எதிர்ல ஒக்காந்து இட்லி துன்னியா?"

மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது என் தங்கை வீட்டில் இருக்கிறாள். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், அந்த வகையில் நல்லது.

முன் பக்கத்தில் எழுதியதில் ஒரு திருத்தம். கலைவாணனிடமிருந்து வந்த போனை நான் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். போன் கம்பெனியிலிருந்து நீங்கள் வாங்கிய தாளில் ஐம்பது விநாடி பேசியதாக இருக்கிறது என்று சொன்னீர்கள். அது சரி. இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். எடுத்ததும் கலைவாணன் குரல்தான் கேட்டது. "நைனா, நீயே சொல்லு நைனா, நீ சொன்னா உட்ருவாங்க" என்றான். பிறகு வேறு ஒருவர் போனை வாங்கினார். ஜோயலின் பெரிய அண்ணனாக இருக்கும். மரியாதையாகத்தான் கேட்டார். "பெரியவரே, உங்க பொண்ணுக்கும் இவனுக்கும் ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க போய்க்கினே இருக்கோம்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் கடிதம் பொய்யாகிவிடும். கடிதம் பொய்யானால் நிச்சயதார்த்தம் நடக்கும். திங்கட்கிழமை வங்கிக்குப் போகாமல் முழங்கால் வலி என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தேன், அதற்கு மேல் தள்ள முடியாது. ஸ்டீரிங் செட் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. ஏதோ இருக்கிறது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பெண்ணைப் பற்றி வாயால் அப்படிச் சொல்கிற தகப்பன் நான் இல்லை. அதனால் நடந்ததைச் சொன்னேன்.

"வண்டி ஓட்டிகினு கீறேன். அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஷட்டர் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் வைத்துவிட்டேன்.

ஆக, மூன்று கடிதங்களையும் நானே எழுதினேன், நானே தபாலில் போட்டேன், போனையும் எடுத்தேன். யாருடைய தூண்டுதலும் இல்லை. கல்யாணப் பணத்தில் மீதி இருந்ததையெல்லாம் கலைவாணனின் கை ஆபரேஷனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஜெபா சொல்லி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். போட்டேன். அவன் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், அது ஒரு நஷ்டம்தான். ஸ்டீரிங் செட்டைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

நான் பணத்துக்காக இதைச் செய்தேன் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபத்தெட்டு வருடம் வளர்த்த பெண் யாரோ ஒருவர் வீட்டில் போய் என்ன பாடுபடுவாளோ என்ற கவலை எந்தத் தகப்பனுக்கும் இருக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஜெபாவும் ஜோயலும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கூடப் பிறந்த அண்ணன்களையே போலீசில் காட்டிக்கொடுத்தவன் நாளைக்குக் கட்டிய மனைவியை விட்டுவிட எவ்வளவு நேரமாகும் என்று யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பொத்தேரியில் ஒரு ஹாஸ்டலில் லிப்ட் சரிபார்க்கப் போகிறவன், சரியாகிவிட்ட பிறகும் அடிக்கடி அங்கே போய்வருவதாக ஒரு பேச்சு இருக்கிறது. நான் கண்ணால் பார்க்கவில்லை. பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் தெரியலாம். அவனுக்கும் சிறு வயதில் வலிப்பு வந்ததை அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு பெண் என்பதால் நீங்கள் சொன்னால் ஜெபா கேட்பாள். இதை நான் சொன்னதாக மட்டும் வெளியே தெரிய வேண்டாம்.